1972 சி10 பிக்கப்: குறைந்த செலவில் எந்த இன்ஜின் போடலாம்?

நீலவண்டி:

வணக்கம். என்னிடம் இருப்பது 1972 செவர்லே சி10. 307 வி8 (307 கன அங்குலம்), இரண்டு பேரல் கார்புரேட்டர், டிஎச்350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பாடி நன்றாக இருக்கிறது, சேஸில் துரு இல்லை, கியர்பாக்ஸும் ஒழுங்காக மாறுகிறது. இன்ஜின்தான் தளர்ந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, மேட்டில் ஏறும்போது மிதித்தால் அதைவிட அதிகப் புகை, பெட்ரோல் போடும் போதெல்லாம் ஆயிலும் ஊற்ற வேண்டியிருக்கிறது. தனியாக ஒரு ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், சூடான பிறகு ஐடிலில் முள் கிட்டத்தட்ட கீழே போய்ப் படுத்துவிடுகிறது.

கண்காட்சிக்கு வைக்கிற வண்டி இல்லை. வாரக் கடைசியில் மரக்கட்டை, மண், வீட்டுச் சாமான் என்று எதையாவது ஏற்றுவேன், சில சமயம் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போவேன். பந்தய வேகம் எல்லாம் வேண்டாம், நம்பி எடுத்துப் போகும்படி இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்த வழிகள் நான்கு. இதே 307-ஐப் பிரித்து வேலை பார்ப்பது, பழைய 350 ஒன்று தேடிப் போடுவது, புதுப்பித்து விற்கிற லாங் பிளாக் (ஹெட் வரை கோத்துத் தரும் இன்ஜின்) வாங்குவது, இல்லையென்றால் எல்லோரும் சொல்கிற எல்எஸ் 5.3, அதாவது ஜிஎம்மின் பிந்தைய கம்ப்யூட்டர் வி8. இன்ஜினை இறக்கி ஏற்றுவது எனக்குப் பிரச்சினை இல்லை, கிரேன் இரவல் கிடைக்கும். வயரிங், கம்ப்யூட்டர் வேலை வராது. பணம் குறைவு. இன்ஜினின் விலையைவிட, அதை வாங்கிய பிறகு வேறு என்னென்ன செலவு இழுக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ராட்செட்:

இன்ஜின் தேடுவதற்கு முன்னால் இருக்கிற இன்ஜினை அளந்து பாருங்கள். புகையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல், ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்றிவிடலாம், செலவும் சொற்பம். ஆனால் மிதிக்கும்போதும் தள்ளுகிறது என்கிறீர்கள், அதனால்தான் சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல் போகிறது.

வண்டியைச் சூடாக்கி நிறுத்துங்கள். எட்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் காற்றை விடும் பட்டாம்பூச்சி வால்வை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். குறைந்த அளவு, கூடுதல் அளவில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்து, ஆயில் விட்டும் மாறாவிட்டால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு இன்ஜின் மாற்ற வேண்டியதே இல்லை.

ஆயில் பிரஷருக்கு இந்த வகை இன்ஜினில் பொதுவான கணக்கு, ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ. சூடான ஐடிலில் கொஞ்சம் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் 2000-த்தில் ஓட்டும்போதும் ஏறவில்லை என்றால் பேரிங் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எண்களை எடுத்து இங்கே போடுங்கள், அப்புறம் பேசுவோம்.

பழைய இரும்பு:

ராட்செட் சொன்ன சோதனையை அவசியம் செய்யுங்கள். இன்ஜின் நிஜமாகவே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்: 350 போடுங்கள்.

காரணம் எளிது. 307-ம் 350-யும் செவர்லேயின் ஒரே ஸ்மால் பிளாக் வி8 குடும்பம். 307-க்கு போர் (சிலிண்டர் விட்டம்) 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.25. 350-க்கு போர் 4, ஸ்ட்ரோக் 3.48. உள்ளே இருக்கிற அளவுதான் வேறு, வெளியே பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே உருவம். உங்கள் இன்ஜின் மவுண்ட் அப்படியே உட்காரும், டிஎச்350 அப்படியே கோத்துக்கொள்ளும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு எல்லாம் பழையதே போதும். மலிவான இன்ஜின் என்பது விலை குறைந்த இன்ஜின் இல்லை, உங்கள் வண்டியில் ஏற்கனவே இருக்கிற சாமான்களை வைத்தே ஓடுகிற இன்ஜின். பிராக்கெட், அடாப்டர், ஹோஸ், ஃபிட்டிங் என்று சின்னச் சின்னதாக வாங்குகிற பொருள்தான் பணத்தை விழுங்கும். அந்தப் பில்களை யாரும் முன்கூட்டியே கணக்குப் போடுவதில்லை.

350 என்றாலும் எல்லா வருடமும் ஒன்றில்லை. 1985 வரை வந்தவற்றில் பின்பக்க மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயிலை அடைப்பது) இரண்டு துண்டு, உங்கள் 307-லும் அப்படித்தான். அந்தக் காலத்து 350 கிடைத்தால் உங்கள் ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்க்கையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பல் வைத்த தட்டு), ஸ்டார்ட்டர் இரண்டும் நேராகப் பொருந்தும். 1986, 87 வாக்கில் ஒரு துண்டு சீலுக்கு மாறினார்கள். அதில் கிராங்க் முனையில் போல்ட் வட்டமே சிறியது, பழைய ஃபிளெக்ஸ்பிளேட் உட்காராது, எடை வைத்த வேறு ஃபிளெக்ஸ்பிளேட் வாங்க வேண்டும், ஆயில் பேனும் அந்த வகைக்கு உரியதுதான் வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட் வாங்கும்போது பற்களை எண்ணுங்கள், 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு இருக்கிறது. 168-க்கான ஸ்டார்ட்டரில் இரண்டு போல்ட்டும் குறுக்காக முன்பின் தள்ளி இருக்கும், 153-க்கானதில் நேர்கோட்டில் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றி வாங்கினால் ஸ்டார்ட் செய்யும்போது பல்லை அரைத்துவிடும்.

இன்னொன்று, இது பலருக்கும் தெரிவதில்லை. 1980-களின் கடைசியில் வந்த சர்ப்பன்டைன் பெல்ட் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் எதிர்த் திசையில் சுற்றும். அதே பம்பை விட்டுவிட்டு உங்கள் வி-பெல்ட்டைப் போட்டால் உள்ளே இம்பெல்லர் தப்பான பக்கம் சுற்றும், தண்ணீர் ஓடாது, இன்ஜின் சூடேறும், நீங்கள் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டரையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். 1972 வரை இந்தப் பிக்கப்புகளில் இருந்தது குட்டைப் பம்ப். உங்கள் புல்லி எல்லாம் அதற்கு ஏற்ற வரிசையில் இருக்கிறது. எந்த 350 வாங்கினாலும் குட்டைப் பம்பையும் உங்கள் புல்லிகளையும் மாற்றி மாட்டுங்கள்.

நெடுஞ்சாலை:

எல்எஸ் பக்கம் நின்று ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 1999 முதல் 2007 வரை வந்த எல்எம்7, அதாவது 5.3 லிட்டர், இரும்பு பிளாக். வருடத்தைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். குளிர்காலத்தில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும், மைலேஜ் கார்புரேட்டரைவிட நன்றாக இருக்கும், ஓடி ஓடித் தேய்ந்த வண்டியிலிருந்து எடுத்தாலும் உள்ளே போர் நல்ல நிலையில் இருப்பதை நிறையப் பார்க்கலாம். ஓட்டுகிற சுகத்தைக் கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் கேட்டது செலவு, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். மவுண்ட்டுக்கு அடாப்டர் தட்டு வேண்டும். டிஎச்350 கோக்கும், ஆனால் 5.3-இல் கிராங்க் முனை பழைய இன்ஜினைவிட 10 மில்லிமீட்டர் போல உள்ளே தள்ளி இருக்கும், அதை ஈடுகட்ட ஸ்பேசரும் தனி ஃபிளெக்ஸ்பிளேட்டும் வேண்டும். லாரிக்கான ஆயில் பேன் ஆழமானது, தாழ்த்திய வண்டியில் அது தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும். வயரிங் ஹார்னஸ், கம்ப்யூட்டர், அதில் இருக்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டை எடுக்க ஒரு டியூனர். எக்ஸாஸ்ட்டை வெட்டி ஒட்ட வேண்டும். பெட்ரோல் பம்ப் 58 பிஎஸ்ஐ தர வேண்டும், உங்கள் கார்புரேட்டருக்கு 5 முதல் 7 இருந்தால் போதும். அதுவும் 1972 சி10-இல் டாங்க் இருப்பது கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். அவ்வளவு அழுத்தமுள்ள லைனை ஆள் உட்கார்கிற இடத்தில் இழுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், டாங்கைப் பின்னால் சேஸுக்குக் கீழே மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது தனிச் செலவு.

வயரிங் வராது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த வேலைக்கு ஆள் வைத்தால் இன்ஜின் வாங்கிய பணத்தைத் தாண்டிவிடும். முழு வண்டியாக, ஓடுகிற நிலையில், கம்ப்யூட்டர், ஹார்னஸ், பெடல், கியர்பாக்ஸ் எல்லாவற்றோடும் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள், வேண்டாததை விற்றுக் கொஞ்சம் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். அப்படிப் போனால் இரண்டு எச்சரிக்கை. 2001 முதல் 2006 வரையிலான சில 5.3 இன்ஜின்களில் காஸ்டெக் என்ற முத்திரை உள்ள 706 ஹெட் வரும், அது விரிசல் விட்டு கூலன்ட்டை ஆயிலுக்குள் விடும். அப்புறம், பயணத்தின்போது நான்கு சிலிண்டரை அணைத்துவிடுகிற பிந்தைய மாடல்களில் லிஃப்டர் பழுதாவது அடிக்கடி நடக்கிறது, குறைந்த செலவில் முடிக்க நினைப்பவர் அதைத் தொட வேண்டாம்.

லேத்:

இன்ஜின் பட்டறையில்தான் என் பிழைப்பு. 307-ஐயே பிரித்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

செய்யலாம். ஆனால் ரீபோர், புது பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், பேரிங், கேம், லிஃப்டர், வால்வு வேலை, கேஸ்கெட் செட் என்று எல்லாமே 350-க்கு ஆகிற கூலிதான் 307-க்கும் ஆகும். பட்டறைக்காரனுக்கு இரண்டும் ஒரே வேலை. 350 பிஸ்டன் எங்கும் கிடைக்கும், போட்டி அதிகம், அதனால் விலையும் குறைவு. 307-க்குத் தேட வேண்டும், தேர்வும் குறைவு. ஒரே கூலி கொடுத்துச் சிறிய இன்ஜினை ஏன் செய்ய வேண்டும்? வண்டியோடு பிறந்த அதே எண்ணுள்ள இன்ஜின் இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் நான் 307-ஐச் செய்யச் சொல்வேன். அது நியாயமான ஆசைதான், ஆனால் அதற்கு விலை உண்டு.

புதுப்பித்த லாங் பிளாக் வாங்குவதில் தப்பில்லை. உத்தரவாதம் கிடைக்கும், மனம் நிம்மதி. வாங்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது: எந்தப் பாகம் சேர்ந்து வருகிறது, எது வராது. லாங் பிளாக் என்றால் ஹெட் வரை வரும். மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், வாட்டர் பம்ப் பொதுவாக வராது. பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுக்கிற வரை ஒரு முன்பணம் பிடித்து வைப்பார்கள், பிளாக் விரிசல் விட்டிருந்தால் அதைத் திருப்பித் தரமாட்டார்கள். உங்களிடம் இருப்பது 307, வாங்குவது 350 என்றால் 307-ஐப் பழையதாக ஏற்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள், சில இடங்களில் மாட்டேன் என்பார்கள்.

உள்ளே ஃபிளாட் டாப்பெட் கேம் இருந்தால், அதாவது உருளை இல்லாத தட்டை லிஃப்டர் இருந்தால், முதல் ஸ்டார்ட்தான் அந்த இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும். கேம் லோபில் (லிஃப்டரைத் தூக்கும் மேடு) தடவுகிற பசையைத் தடவி, துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, பிடித்த உடனே 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய் இருபது நிமிடமாவது ஐடிலுக்கு விடாமல் ஓட்டுங்கள். அதற்கு முன்னால் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பிடிக்காமல் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தால் பசை வழிந்து லோப் தேய ஆரம்பித்துவிடும்.

நீலவண்டி:

எல்லோருக்கும் நன்றி. கம்ப்ரஷன் எடுத்துவிட்டேன். ஆறு சிலிண்டர் 130-லிருந்து 140 வரை. மூன்றாவது 85, எட்டாவது 80. ஆயில் விட்டு எடுத்ததில் இரண்டும் 120-ஐத் தாண்டியது. ஆயில் பிரஷர் சூடாக 2000-த்தில் 12 பிஎஸ்ஐதான். ராட்செட் சொன்ன கணக்குப்படி ரிங்கும் போய்விட்டது, பேரிங்கும் போய்விட்டது.

அதற்குள் ஒரு 350 கண்ணில் பட்டிருக்கிறது. 1997 பிக்கப், பின்னால் இடி வாங்கிய வண்டி, இன்ஜின் அதிலேயே இருக்கிறது. விற்பவர் வோர்டெக் 5.7 (5.7 லிட்டர், அதாவது 350) என்கிறார். ஃபியூயல் இன்ஜெக்ஷன் கோளாறு, தட்டித் தட்டி ஓடுகிறது, அதனால்தான் விலை குறைவு என்கிறார். கார்புரேட்டர் 350 கேட்ட இடங்களில் எல்லாம் இதைவிட அதிகம் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பழைய இரும்பு:

நல்ல சமாசாரம். அது எல்31 என்ற குறியீடு உள்ள 350, 1996-லிருந்து வந்தது. 255 குதிரைத்திறன், ஸ்மால் பிளாக்கில் தொழிற்சாலையே போட்ட ஹெட்களில் மிக நல்லவற்றில் ஒன்று அதில்தான் இருக்கிறது. இன்ஜெக்ஷன் கோளாறு என்பது உங்களுக்கு லாபம். அந்த மாடலில் மேனிஃபோல்டுக்குள் சிலந்திக்கால் மாதிரி பரவியிருக்கிற இன்ஜெக்டர் அடைத்துக்கொள்வது ரொம்பச் சாதாரணம், நீங்களோ அதை முழுக்கக் கழற்றிப் போடப் போகிறீர்கள். உள்ளே ரோலர் லிஃப்டர் என்பதால் லேத் சொன்ன முதல் ஸ்டார்ட் பயமும் கிடையாது.

வாங்க வேண்டியவை: வோர்டெக் ஹெட்டுக்கென்றே வருகிற கார்புரேட்டர் மேனிஃபோல்டு, எட்டு போல்ட், உங்கள் பழைய பன்னிரண்டு போல்ட் மேனிஃபோல்டு உட்காராது. உங்கள் இரண்டு பேரல் கார்புரேட்டரை அதில் வைக்க அடாப்டர் தட்டு போதும், பணம் வந்ததும் நான்கு பேரலுக்குப் போங்கள். ஒரு துண்டு சீலுக்கான ஃபிளெக்ஸ்பிளேட். எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டர் (ஜிஎம்மின் எலக்ட்ரானிக் இக்னிஷன்) ஒன்று, ஆனால் கேம் ஸ்டீல் என்பதால் அதற்கு ஏற்ற மெலனைஸ்டு (மேற்பரப்பைக் கடினமாக்கிய) கியர் போட்டதாக இருக்க வேண்டும், சாதா இரும்புக் கியர் தேய்ந்து ஆயிலில் கலக்கும். பெரும்பாலான எல்31 பிளாக்கில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மாட்டத் துளையே போட்டிருக்கமாட்டார்கள், அதனால் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப், கூடவே ஆயில் பிரஷர் விழுந்தால் பம்பை நிறுத்துகிற ஸ்விட்ச். வாட்டர் பம்ப் விஷயம் முன்பே சொன்னதுதான். இவ்வளவுதான், இதில் வயரிங் என்று பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று.

போய்ப் பார்க்கும்போது முதலில் வண்டி அடையாள எண்ணில் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். ஆர் இருந்தால் 5.7. எம் இருந்தால் 5.0, அதாவது 305. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் 305-க்கு இந்தச் செலவைச் செய்யாதீர்கள். வண்டி எண் ஆர் என்று இருந்தாலும் நடுவில் யாராவது இன்ஜினை மாற்றியிருக்கலாம், அதனால் பிளாக்கின் பின்பக்கம் கியர்பாக்ஸ் சேருகிற இடத்துக்கு மேலே இருக்கிற வார்ப்பு எண்ணையும் டார்ச் அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராட்செட்:

இன்ஜின் வண்டியிலேயே இருப்பது பெரிய வசதி, கழற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போனதும் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அடியிலிருந்து ஆழமான தட்டல் சத்தம் வந்து சில நொடியில் மறையாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள், பாலாடை மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இன்ஜினில் இன்டேக் கேஸ்கெட் ஒழுகுவது வழக்கம், அது சின்ன வேலை, மேனிஃபோல்டை எப்படியும் மாற்றுகிறீர்கள். ஆனால் அந்தத் தண்ணீரோடு நிறைய நாள் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும், ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள், மினுக்கும் பொடி தெரிந்தால் பேரம் பேசவே வேண்டாம். கம்ப்ரஷன் மீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு நடுவில் விரிசல் விடுவது வோர்டெக்கில் கேள்விப்படுகிற பழுது, அதைப் பட்டறையில் கொடுத்துத்தான் பார்க்க முடியும். ஏற்றுவதற்கு முன் ஹெட்டைக் கழற்றி லேத் மாதிரி ஒருவரிடம் கொடுங்கள், புது ஹெட் கேஸ்கெட்டும் போட்ட மாதிரி இருக்கும்.

உங்கள் ஊரில் புகைச் சோதனையும் இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்கிற விதியும் எப்படி என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் இன்ஜினை கார்புரேட்டருக்கு மாற்றுவதைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

நீலவண்டி:

விதி கேட்டாயிற்று, 1972 வண்டி என்பதால் பிரச்சினை இல்லை என்றார்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், எட்டாவது எழுத்து ஆர்தான். சனிக்கிழமை மீட்டரோடு போகிறேன். கடைசியாக ஒன்று, 307-ஐ என்ன செய்வது? இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள்.

லேத்:

புது இன்ஜின் ஏறி, சூடாகி, கசிவு இல்லாமல் ஓடுகிற வரை கொடுக்காதீர்கள். குட்டைப் பம்ப், புல்லிகள், பிராக்கெட்டுகள், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும், மவுண்ட், ஸ்டார்ட்டர், போல்ட்டுகளை இடம் எழுதிய பைகளில் போட்டுக் கழற்றி வையுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே துருவை இளக்கும் எண்ணெய் விட ஆரம்பியுங்கள், உடைந்தால் துளைத்து எடுப்பது பெரிய தலைவலி. மேனிஃபோல்டு முகம் வளைந்திருந்தால் கொண்டு வாருங்கள், ஒரு சீவல் சீவித் தரலாம். மிச்சமிருக்கிற வெறும் பிளாக்கையும் கிராங்க்கையும் அப்புறம் விற்றுக்கொள்ளலாம், 307 தேடுகிறவர்கள் அவ்வப்போது வருகிறார்கள், இரும்பு விலையைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள்.